அறுபத்திரண்டாம் வரிசை

"'நீ தைச்சதை நீயே போட்டுக்கிட்டு நாலு பேர் நடுவுல நடந்து பாரு, அப்பத் தெரியும்'னு எங்க பெரியப்பா சொல்லுவார். என்ன தெரியும்னு சொன்னாரோ, அது மறந்துபோச்சு," என்றார் டாக்டர்.

"மறந்துபோச்சா, அவர் சொல்லாமலே விட்டுட்டாரா?" என்று கேட்டார் வேதவல்லி.

டாக்டர் யோசித்தார்.

"அதுவும் தெரியலைம்மா."

"சரி. உள்ள வாங்க."

டாக்டர் சிங்காரவேலுவுக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. இருபத்தொன்பது வருடம் வெளிநாட்டில் அறுவை சிகிச்சை செய்தவர். வலது கைக் கட்டைவிரலின் நரம்பு செத்துப்போன பிறகு ஊர் திரும்பியிருந்தார்.

வேதவல்லிக்கு நாற்பத்தொன்று. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு வருடம் செக்கிங் மேஜையில் நின்றவர். துணியை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டால் போதும், தவறு எங்கே இருக்கிறதோ அங்கே விரல் நின்றுவிடும். பிறகு வேலையை விட்டு மலைக்கு வந்து, தைக்கவும் பின்னவும் வருகிறவர்கள் சேர்ந்து வாழும் நூல்வீட்டைத் தொடங்கினார்.

நூல்வீட்டில் தான் செய்த உடையைத்தான் தான் உடுத்த வேண்டும். வரும்போது போட்டிருந்தவை ஒரு பெட்டிக்குள் போய்விடும். சட்டை தைத்து முடிக்கும்வரை போர்வை.

டாக்டர் ஒன்பது நாள் போர்வையில் இருந்தார்.

பத்தாம் நாள் சட்டையோடு வெளியே வந்தார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"டாக்டர் சார், சட்டைக்கு ஒரு ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்றார் ஜெபராஜ். மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது நூல்வீட்டின் ஜீப்பை ஓட்டுகிறார், மற்ற நேரமெல்லாம் பின்னுகிறார்.

"பண்ணியாச்சு. அதனாலதான் இப்படி இருக்கு."

ஜெபராஜ் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது.

டாக்டர் வேதவல்லியிடம் போனார்.

"கழுத்து சரியா வரலை. பிரிச்சுத் தைக்கட்டுமா?"

"இறுக்குதுங்களா?"

"இல்லை."

"அப்பப் போட்டுக்கங்க."

சட்டைக்குப் பிறகு கால்சட்டை. கால்சட்டைக்குப் பிறகுதான் கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும்.

ஒரு பனிக்காலத்தில் ஒரு சால்வை. முந்நூறு வரிசை. பனி முடியும்போது பார்வை நாள் வரும். அன்று எல்லோர் முன்னிலையிலும் வேதவல்லி கண்ணை மூடிக்கொண்டு சால்வையை விரலில் ஓடவிடுவார். பின்னியவர் கையால் வந்த தவறு இல்லையென்றால் அவர் நூல்வீட்டில் தங்கலாம், ஆயுசுக்கும். இருந்தால் அன்றைக்கே ஜீப்பில் மலை இறங்கிவிட வேண்டும். அடுத்த பனிக்காலத்தில் திரும்ப வரலாம்.

"கலைன்னு நினைச்சு வந்தேன்," என்றார் டாக்டர். "பரீட்சை மாதிரி இல்ல இருக்கு?"

"கலைன்னு யாருங்க சொன்னது?" என்று நூல்கண்டை அவர் மடியில் போட்டார் வேதவல்லி.

டாக்டருக்கு அது பிடித்திருந்தது. பரீட்சைகளில் அவர் தோற்றதில்லை.

*

நூல், சிட்டம் சிட்டமாகக் கீழேயிருந்து வரும். அதைக் கண்டாகச் சுற்றித் தருபவர் சிவபாக்கியம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். பின்கட்டில் ஓர் அறையில் தன் கணவர் முத்தையாவோடு இருந்தார். முத்தையாவுக்கு இளைப்பு.

சிட்டத்தில் நூல் அறுந்திருந்தால் சிவபாக்கியம் முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார். சேர்த்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு சின்ன வளையம் கட்டிவிடுவார். பின்னுபவர் சிவப்பைப் பார்த்ததும் அந்த முடிச்சைச் சால்வையின் பின்பக்கம் தள்ளிக்கொள்வார். பின்னி முடித்த பிறகு வளையங்களை நறுக்கி எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவைக்க வேண்டும். பார்வை நாளில் முடிச்சுகளையும் எண்ணுவார்கள், வளையங்களையும் எண்ணுவார்கள்.

முடிச்சு அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் இருந்தால், அது சுற்றியவர் தவறு.

ஒரு பனிக்காலத்தில் அப்படி மூன்று வந்தால் சுற்றும் வேலை வேறொருவருக்கு. வேலையோடு சேர்ந்ததுதான் அறை.

இந்த விதியை வேதவல்லி போடவில்லை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, கை தூக்கிப் போட்டது. சிவபாக்கியமும் கை தூக்கியிருந்தார்.

அந்தப் பனிக்காலத்தில், மற்றவர்கள் பின்னும்போதே அகப்பட்டு, அவர் கணக்கில் ஏற்கெனவே இரண்டு ஏறியிருந்தது.

ஏன் என்று டாக்டருக்குத் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை.

"பனி முடியட்டும் பாக்கியம்மா. கீழ கூட்டிப் போய்ப் பண்ணிடலாம். அரைமணி நேர வேலை."

"உங்க புண்ணியம் டாக்டரய்யா. நீங்க வந்த பிறகுதான் அவர் முதுகு சாய்ச்சுத் தூங்குறார். அதுவரைக்கும் உக்காந்தே விடிஞ்சிடும்."

*

பார்வை நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. நண்பகல். வெயில் ஜன்னல் வழியாகச் சால்வையின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

முந்நூறு வரிசையும் முடிந்திருந்தன. டாக்டர் சிவப்பு வளையங்களை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டு வந்தார். கத்தரியை இடது கையில்தான் பிடிப்பார். மொத்தம் ஏழு வளையம். ஏழாவது, அறுபத்திரண்டாம் வரிசையில் இருந்தது.

நறுக்கினார்.

சிவப்பு கையோடு வந்தது. கத்தரி நுனி பட்டு, பக்கத்துப் பின்னல் கண்ணியும் வாய் பிளந்தது.

அறுந்த இரண்டு முனைகளும் விலகின. மேலே இருந்த கண்ணி சரிந்தது. அதற்கு மேலே இருந்ததும் அசைந்தது.

அவர் யோசிக்கவில்லை. ரத்தம் வரும் இடத்தில் நின்று யோசிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கம்பளி நூலில் ஒரு துணுக்கை நறுக்கினார். சரிந்த கண்ணியை அதில் கோத்தார். இடது கையாலேயே அறுவை சிகிச்சை முடிச்சைப் போட்டார். முதலில் இரண்டு சுற்று, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. இழுத்தார். வாலை ஒட்ட நறுக்கினார்.

ஓட்டை இல்லை. கடுகளவு முடிச்சு மட்டும்.

பிறகுதான் டப்பாவைப் பார்த்தார்.

வளையம் ஏழு. முடிச்சு எட்டு.

ஒரு வளையத்தை இரண்டாக நறுக்கிப் போடலாமா என்றுகூட நினைத்தார். ஒவ்வொன்றும் சிவபாக்கியம் விரலால் முடிந்த வளையம். பாதி வளையம் பாதியாகத்தான் தெரியும்.

முறையாகச் செய்வதென்றால் மேலேயிருந்து பிரித்துக்கொண்டே அறுபத்திரண்டுக்கு இறங்கி, அங்கிருந்து திரும்பப் பின்ன வேண்டும். நாற்பது நாள் வேலை. கையில் இருப்பது ஐந்து.

டாக்டர் சால்வையை மடித்தார். முடிச்சு உள்மடிப்புக்குள் போனது.

*

மறுநாள் வேதவல்லி முற்றத்தில் கோட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஒரு கண்ணி போச்சுன்னா முழுச் சால்வையும் போச்சா?"

கத்தரி நிற்கவில்லை.

"எந்தக் கண்ணி?"

"பொதுவாக் கேட்டேன்."

"பொதுவான கண்ணின்னு ஒண்ணு கிடையாதுங்களே."

டாக்டர் காத்திருந்தார். வேதவல்லி துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். டாக்டர் பிடித்துக்கொண்டார். வெட்டி முடித்ததும், "போயிட்டு வாங்க," என்றார்.

அதற்கடுத்த நாள் சாப்பாட்டு மேஜையில் ஜெபராஜ் பேச்சை எடுத்தார்.

"இந்த வருஷம் ஜீப்புல யாரும் இறங்கமாட்டாங்கன்னு தோணுது. என் சால்வை கல்லு மாதிரி இருக்கு. டாக்டர் சார் சால்வையைப் பார்த்தேன், மிஷின்ல அடிச்ச மாதிரி. எனக்கு ஒரே கவலை சிவபாக்கியக்காதான். ரெண்டு ஆயிடுச்சு. இன்னொண்ணு மட்டும் வந்துடக் கூடாது, கர்த்தரே."

"வந்தா எங்க போவாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க போறது? தோட்டத்துல தொழிலாளிக்குக் கொடுத்த லயத்து வீட்டையும் எடுத்துக்கிட்டாங்களே. பஸ் ஸ்டாண்டுதான்." ரசத்தை உறிஞ்சினார். "என்ன சார், சாப்பிடலையா? காரமா?"

"ஆமா. காரம்."

அது மிளகு போடாத ரசம்.

*

பார்வை நாளுக்கு முந்தின நாள் மாலை டாக்டர் வழக்கம்போலப் பின்கட்டுக்குப் போனார். முத்தையாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"இழுத்து விடுங்க. இன்னொரு தடவை."

"இவர்கிட்டச் சொல்லுங்க டாக்டரய்யா, நாளைக்குக் கூடத்துக்கு வர வேணாம்னு," என்றார் சிவபாக்கியம். "நான் நிக்கிறதைப் பார்க்கணுமாம்."

"வந்தா என்ன?" என்றார் முத்தையா. "நீ என்ன கல்யாணப் பொண்ணா, நான் பார்க்கக் கூடாதுங்கறதுக்கு?"

"பேசினா இளைக்கும். வாயை மூடுங்க."

சிவபாக்கியம் இஞ்சி டீயை நீட்டினார். டம்ளர் டாக்டரின் கைக்கு நாலு விரற்கடை தள்ளி நீண்டது. டாக்டர் கையை நகர்த்தி வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு கேட்கலாமாய்யா?"

"கேளுங்க."

"மத்தவங்க சால்வை எல்லாம் எண்ணிப் பார்த்துச் சொல்லிட்டாங்க. உங்களுதுல மட்டும் நீங்க ஒண்ணும் சொல்லலை. என் சுத்துல ஏதும் தப்பு வந்திருக்காய்யா?"

முத்தையாவின் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

"உங்க சுத்துல ஒரு தப்பும் இல்லை," என்றார் டாக்டர்.

"பெருமாளே," என்றார் சிவபாக்கியம். உட்கார்ந்தார். "நாலு நாளா சோறு இறங்கலை. இனி இறங்கும்."

டீ சுட்டது. டாக்டர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

*

கூடத்தில் பதினோரு பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஜீப் நின்றது. கதவருகே ஒரு கரும்பலகை. கீழே இறங்குகிறவர்கள் பெயரை அதில் எழுதுவது வழக்கம். பலகை காலியாக இருந்தது.

முதலில் ஜெபராஜ். வேதவல்லி கண்ணை மூடி முந்நூறு வரிசையையும் விரலில் ஓட்டினார். முடிச்சு ஒன்பது, வளையம் ஒன்பது.

"போர்த்திக்கங்க."

ஜெபராஜ் போர்த்திக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தேர் போலப் போய் வந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது டாக்டர்.

சால்வை வேதவல்லியின் விரல்களில் ஏறியது. பத்து, இருபது, நாற்பது. விரல்கள் ஒரே சீராகப் போயின. அறுபதைத் தாண்டின.

நின்றன.

கண் திறக்கவில்லை. விரல்கள் அந்த இடத்தை ஒரு முறை தடவின. இன்னொரு முறை தடவின. பிறகு மேலே போயின. முந்நூறு வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை.

"ஜெபராஜ், எண்ணுங்க."

ஜெபராஜ் சால்வையைத் திருப்பிப் போட்டு எண்ணினார். டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"முடிச்சு எட்டு, மேடம்."

"சிவப்பு?"

"ஏழு."

கூடத்தில் யாரோ இருமலை அடக்கினார்கள்.

"அறுபத்திரண்டாம் வரிசை," என்றார் வேதவல்லி. "டாக்டர், பின்னும்போது இங்க சிவப்பு இருந்துச்சுங்களா?"

இருந்தது. பக்கத்து முடிச்சில் இருந்த அதைத்தான் அவர் நறுக்கினார்.

"ஞாபகம் இல்லை," என்றார் டாக்டர்.

"பாக்கியக்கா."

சிவபாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வரும்போது கதவு நிலையில் தோள் இடித்தது.

சிவப்பில்லாத முடிச்சு அகப்பட்டால், கட்டியவரே அதை எல்லோர் முன்னாலும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். அது அந்த வீட்டின் வழக்கம். முன்பு இரண்டு முறையும் சிவபாக்கியம் அப்படித்தான் அவிழ்த்தார். அவர் முடிச்சு நகத்தால் ஒரு வாலைப் பின்னால் தள்ளினால் திறந்துவிடும். கண்ணே தேவையில்லை.

சிவபாக்கியம் சால்வையை வாங்கி மடியில் போட்டார். விரல் முடிச்சைக் கண்டுபிடித்தது. நகத்தால் தள்ளினார்.

திறக்கவில்லை.

வேறு பக்கத்திலிருந்து தள்ளினார்.

திறக்கவில்லை.

விரல் நுனியால் முடிச்சைச் சுற்றிச் சுற்றித் தடவினார். இரண்டு சுற்று. எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. ஒட்ட நறுக்கிய வால்.

அவர் விரல் நின்றது.

மெல்ல முகத்தைத் திருப்பினார். டாக்டர் உட்கார்ந்திருந்த திசையில், வெள்ளைச் சட்டை மங்கலாகத் தெரிந்த இடத்தில், பார்த்தார்.

டாக்டர் தன் சட்டையின் குட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் முத்தையா இருமுவது கேட்டது. ஒரு முறை, இரண்டு முறை. நின்றது.

"என்னுதுதாம்மா," என்றார் சிவபாக்கியம்.

"அவிழலையே, அக்கா."

"கண்ணு தெரியலை."

"மத்த ரெண்டையும் கண்ணாலயா அவிழ்த்தீங்க?"

"கை நடுங்குது. குளிர்." சால்வையை நீட்டினார். "என்னுதுதான். மூணு ஆயிடுச்சு. எழுதிக்கங்க."

"மேடம்," என்றார் ஜெபராஜ். அவர் குரலில் விளையாட்டு இல்லை. "அந்த மனுஷன் இருக்கிற நிலைமையில இன்னைக்கே இறக்கணுமா? வெயில் காலம் வரட்டுமே. நாமதானே விதி போட்டோம், நாமளே..."

"எழுதுங்க, ஜெபராஜ்."

"நீங்க கம்பெனியை விட்டு வந்துட்டீங்க. கம்பெனி உங்களை விடலை."

"இருக்கலாம். எழுதுங்க."

சுண்ணக்கட்டி பலகையில் கீச்சிட்டது. சிவபாக்கியம். அதன் கீழே, முத்தையா. இரண்டாவது பெயரில் கட்டி உடைந்தது.

வேதவல்லி சால்வையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தார். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். சால்வையை அவர் மடியில், அறுபத்திரண்டாம் வரிசை மேலே தெரியும்படி, விரித்தார். பக்கத்தில் ஒரு கத்தரியை வைத்தார்.

"உங்க கைத்தவறு ஒண்ணும் இல்லைங்க. சால்வை உங்களுது. இன்னையிலிருந்து வீடும் உங்களுது. இந்த முடிச்சை மட்டும் எடுத்துடணும்."

"எப்படி?"

"கட்டினவங்களாலயே அவிழ்க்க முடியலை. மத்தவங்க யாருக்கும் அவிழாது. கத்தரி போட்டு எடுத்துடுங்க. ஓட்டையை நான் கண்ணி சேர்த்துத் தர்றேன். ஒரு மணி நேர வேலை."

டாக்டர் முடிச்சைப் பார்த்தார்.

இருபத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை அதைப் போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவரிடம் படித்தவர்கள் அதை அவிழ்க்கத் தெரியாமல் நறுக்கித்தான் எடுப்பார்கள். வாலை நகத்தில் கவ்வி, இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நேர் மேலே இழுத்தால் அது ஒருக்களித்துப் படுத்துவிடும். பிறகு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கூடத்தில் இருந்த பதினோரு பேரில் அது ஒரு கைக்குத்தான் தெரியும்.

கத்தரி இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஒரு நறுக்கு. அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்கக்கூடிய ஒருத்தர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்.

வேதவல்லி அவரைப் பார்க்கவில்லை. சால்வையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிடுங்க டாக்டரய்யா," என்றார் சிவபாக்கியம், நின்ற இடத்திலிருந்து. சத்தமில்லாமல்தான் சொன்னார். "நேரமாகுது. நான் போய் அவருக்குத் துணிமணி கட்டணும்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"பாக்கியம்மா, அங்கேயே நில்லுங்க."

"எதுக்குய்யா?"

டாக்டர் அறுபத்திரண்டாம் வரிசையை அருகே இழுத்துக்கொண்டார். ஜெபராஜ் தன் சால்வையின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"கத்தரி வேண்டாம்," என்றார் டாக்டர்.

வலது கையை மடியில் வைத்துவிட்டு, இடது கையால், எல்லோரும் பார்க்க, ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்தார்.